கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்கள்: எப்படி வந்தன, எதற்காக இருக்கின்றன

கேள்வி: அமெரிக்காவில் யெல்லோஸ்டோன், யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்கள் இருக்கும்போது, மாநில அரசுகள் தனியாகப் பூங்காக்கள் வைத்திருப்பது ஏன்? அவற்றின் வேலை என்ன?

ஒவ்வொரு மாநிலத்தின் வரலாறும் வேறு. ஐம்பதையும் ஒன்றாகப் பேசினால் எதுவும் தெளிவாகாது. ஆகவே கலிபோர்னியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ 280 இடங்கள், மாநிலக் கடற்கரையில் கிட்டத்தட்ட கால்பங்கு, பாலைவனம், பழைய சுரங்க ஊர்கள், வானுயர வளரும் ரெட்வுட் மரக் காடுகள் என எல்லாவற்றையும் ஒரே துறை பார்த்துக்கொள்கிறது.

முதலில் ஒரு வேறுபாடு. நம் ஊரில் முதுமலையும் கிண்டியும் பெயரில் தேசியப் பூங்காக்கள், ஆனால் நிர்வாகம் தமிழ்நாடு வனத்துறையிடம். அமெரிக்காவில் தேசியப் பூங்கா என்றால் நிலமும் ஊழியர்களும் கூட்டாட்சி அரசைச் சேர்ந்தவை. மாநிலப் பூங்கா என்றால் இரண்டும் மாநிலத்துடையவை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் சட்டம் வேறு, கட்டணம் வேறு, வனக்காவலரான ரேஞ்சரின் சீருடையும் வேறு.

வரலாறு பலரும் நினைப்பதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. 1864 ஜூன் 30 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் மாரிப்போசா பெருமரத் தோப்பையும் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்தது. மக்கள் பயன்பாட்டுக்கு மட்டுமே, எக்காலத்திலும் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. தேசியப் பூங்கா என்ற ஏற்பாடே அப்போது கிடையாது. யெல்லோஸ்டோன் 1872இல்தான் வந்தது. ஆக, இன்று உலகமே தேசியப் பூங்காவாக அறியும் யோசெமிட்டி பள்ளத்தாக்கு முதலில் மாநிலத்தின் கையில்தான் இருந்தது.

மாநிலம் அதை நன்றாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அதை நடத்த நியமித்த ஆணையர்களுக்குச் சம்பளம் இல்லை. கேலன் கிளார்க் என்ற ஒரே காவலருக்குக் கொடுத்த பணமும் சொற்பம். பள்ளத்தாக்கில் விடுதிகள், வேலிகள், வைக்கோல் வயல்கள் முளைத்தன. 1881இல் மாரிப்போசா தோப்பில் ஒரு பெருமரத்தின் அடியைக் குடைந்து குதிரைவண்டி போகும் சுரங்கம் ஆக்கினார்கள். அந்த மரம் 1969இல் பனிச்சுமை தாங்காமல் விழுந்தது. சுற்றியுள்ள மலைப்பகுதி 1890இல் தேசியப் பூங்காவானது. பள்ளத்தாக்கையும் தோப்பையும் 1906இல் மாநிலம் திருப்பிக் கொடுத்தது. நிலத்தை ஒதுக்குவது ஒரு வேலை, ஆளும் பணமும் கொடுத்து நடத்துவது வேறொரு வேலை. இந்தத் துறையின் பின்வந்த சிக்கல்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் பிறந்தன.

அப்படியானால் மாநிலத்துக்கு மறுபடி பூங்கா எதற்கு? காரணம் நில உரிமை. அந்தக் காலத்துத் தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் கூட்டாட்சி அரசின் கையிலேயே இருந்த பொதுநிலத்திலிருந்து ஒதுக்கப்பட்டவை. ஒரு சட்டம் போட்டால் போதும், காசு வேண்டாம். கடற்கரையோர ரெட்வுட் காடுகள் அப்படி இல்லை. 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மரக்காட்டு நிலத்தை ஏக்கர் 2.50 டாலருக்குத் தனியாருக்கு விற்றது. போலி ஆட்களை நிறுத்தி நிறுவனங்கள் அதை மொத்தமாக வளைத்துக்கொண்டன. 1900 வாக்கில் நல்ல ரெட்வுட் காடு ஏறக்குறைய முழுவதும் தனியார் சொத்து. காப்பாற்ற வேண்டுமென்றால் விலை கொடுத்து வாங்க வேண்டும். பூங்காவுக்காக நிலம் வாங்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அன்று தயாராக இல்லை. மியூர் வுட்ஸ் 1908இல் தேசிய நினைவிடமானது, வில்லியம் கென்ட் தன் சொந்தக் காட்டை இலவசமாகக் கொடுத்ததால்தான்.

இந்த இடத்தில்தான் மாநிலம் நுழைகிறது. சான் ஹோசேவைச் சேர்ந்த புகைப்படக்காரர் ஆண்ட்ரூ ஹில், 1900இல் ஃபெல்டன் அருகே ஒரு தனியார் ரெட்வுட் தோப்பைப் படமெடுக்கப் போனார். உரிமையாளர் எடுத்த படங்களின் நெகடிவைக் கேட்டு விரட்டினார். இந்த மரங்கள் ஒரு தனி ஆளுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது என்று முடிவுசெய்த ஹில், அதே ஆண்டு மே மாதம் செம்பர்வைரன்ஸ் மன்றம் உருவாகக் காரணமானார். 1901இல் சட்டமன்றம் 2,50,000 டாலர் ஒதுக்கியது. 1902இல் சாந்தா குரூஸ் மலையில் சுமார் 3,800 ஏக்கர் மாநிலத்தின் கைக்கு வந்தது. இன்றைய பிக் பேசின் அதுதான். இன்றும் இருக்கிற கலிபோர்னிய மாநிலப் பூங்காக்களில் மூத்தது.

அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு இது ஓர் அமைப்பாக இல்லை. ஒவ்வோர் இடத்துக்கும் தனி ஆணையம், தனி நிதி, தனி அரசியல். 1918இல் தொடங்கிய ரெட்வுட் பாதுகாப்புக் கழகம் வடக்கே ஹம்போல்ட் மாவட்டத்தில் தோப்புத் தோப்பாக வாங்கி மாநிலத்துக்குக் கொடுத்தது. நன்கொடையாளர் பெயரில் நினைவுத் தோப்பு வைப்பது அவர்கள் கண்ட வழி. முதலாவது 1921இல் வந்தது. பெண்கள் மன்றங்களின் பங்கு இதில் மிகப் பெரிது, அதைப் பல வரலாறுகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. ஹம்போல்ட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் அவர்கள்தான். கலவேராஸ் பெருமரங்களுக்காக 1900 முதல் 1931 வரை விடாமல் மனுப்போட்டவர்களும் அவர்களே.

அதே காலத்தில் தேசியப் பூங்காத் துறையின் தலைவர் ஸ்டீபன் மாத்தரும் மாநிலங்களைத் தூண்டினார். ஒவ்வொரு நகரமும் தன் அருவியைத் தேசியப் பூங்கா ஆக்கச் சொல்லி வாஷிங்டனுக்கு வந்து நின்றது. நாடு முழுவதுக்கும் முக்கியமில்லாத, ஆனால் காக்கத் தகுந்த இடங்களுக்கு வேறொரு வீடு வேண்டும் என்று 1921இல் அயோவாவின் டெ மாயின் நகரில் மாநிலப் பூங்கா மாநாட்டைக் கூட்டினார்.

கலிபோர்னியாவில் 1925இல் வந்த மசோதாவை ஆளுநர் ரிச்சர்ட்சன் கையெழுத்திடாமல் சாகவிட்டார். 1927இல் புதிய ஆளுநர் சி. சி. யங் கையெழுத்திட்டார். ஒரே ஆணையம், மாநிலம் முழுவதற்கும் ஓர் ஆய்வு, 60 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் வாக்கு என மூன்றும் ஒன்றாக வந்தன. 1928 நவம்பரில் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். அந்தப் பத்திரத்தின் நுட்பம் கவனிக்கத்தக்கது. மாநிலம் தரும் ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக இன்னொரு டாலர், பணமாகவோ நிலமாகவோ, வெளியிலிருந்து வர வேண்டும். இதனால் 60 லட்சம் உண்மையில் 1.2 கோடியாக வேலை செய்தது. அதோடு, உள்ளூரில் யாரும் பத்து காசு கொடுக்கத் தயாரில்லாத திட்டங்கள் தாமாக உதிர்ந்துபோயின. செல்வந்தர் ராக்பெல்லர் கொடுத்த 20 லட்சம் டாலரோடு சேர்ந்து ஹம்போல்ட்டின் புல் கிரீக் காடு இப்படித்தான் மாநிலத்துக்கு வந்தது.

ஆய்வைச் செய்தவர் ஃப்ரெடெரிக் லா ஓம்ஸ்டெட் இளையவர். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவரின் மகன்; தந்தையும் 1865இல் யோசெமிட்டி ஆணையத்தில் இருந்து அறிக்கை எழுதியவர். மகன் வைத்த அளவுகோல்களை இன்றும் அப்படியே பயன்படுத்தலாம். ஓர் இடம் மாநிலத்தின் தொலைதூரப் பகுதியிலிருந்தும் ஆட்களை இழுக்கும் அளவு தனித்தன்மை உடையதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது நகராட்சியின் வேலை. தனியார் கையிலோ உள்ளாட்சி கையிலோ விட்டால் பாதுகாப்பாக இருக்கும் வாய்ப்புக் குறைவாக இருக்க வேண்டும். எல்லா இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் மாநிலத்தின் எல்லா வகை நிலமும் அதில் இடம்பெற வேண்டும். மூன்றாவதுதான் ‘அமைப்பு’ என்ற சொல்லுக்கே பொருள் தருகிறது. அது இல்லாவிட்டால் நூறு அழகான இடங்களின் குவியல்தான் மிஞ்சும்.

ஆனால் அவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள். புல் கிரீக்கில் வாங்கியது ஓடையின் அடிவாரத்துச் சமதளம், உலகிலேயே மிக உயரமான மரங்கள் நின்ற இடம். மேலே இருந்த சரிவுகள் தனியாரிடமே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே மரங்கள் மொட்டையடிக்கப்பட்டன, பிறகு தீயும் பிடித்தது. 1955 டிசம்பர் மழையில் வேர்ப்பிடிப்பு இல்லாத மண்ணும் சரளையும் ஓடைக்குள் இறங்கின. சரளை படிந்து ஓடையின் அடித்தளம் உயர்ந்தது. தண்ணீர் பக்கவாட்டில் பாய்ந்து கரையை அரித்தது. ரெட்வுட்டுக்கு ஆணிவேர் கிடையாது. பல நூறு அடி உயரம் சில அடி ஆழ வேர்ப்பரப்பின் மேல் நிற்கிறது. கரை போனதும் நூற்றுக்கணக்கான பெருமரங்கள் சாய்ந்தன. 1964 வெள்ளத்தில் மறுபடியும் அழிவு. பூங்கா எல்லைக்குள் ஒரு மரத்தில்கூடக் கோடரி படவில்லை, ஆனாலும் மரங்கள் போயின. அதற்குப் பிறகு மாநிலமும் கழகமும் சேர்ந்து மேலே உள்ள நீர்ப்பிடிப்பு முழுவதையும் வாங்கத் தொடங்கின. இன்று ஹம்போல்ட் ரெட்வுட் பூங்காவின் வரைபடத்தில் வெட்டுப்பட்டு மீண்டு வளரும் சரிவுகள் அவ்வளவு இருப்பதன் காரணம் இதுதான். அவை கீழே உள்ள மரங்களுக்குக் காவல்.

இனி நோக்கம். பூங்காவுக்கு இரண்டு கடமைகள்: காப்பது, மக்களை உள்ளே விடுவது. இரண்டும் மோதும். கலிபோர்னியச் சட்டம் இதற்குக் கண்ட தீர்வு வகைப்பாடு. ஓர் இடம் மாநிலப் பூங்காவா, இயற்கை ஒதுக்கிடமா, வரலாற்றுப் பூங்காவா, பொழுதுபோக்குப் பகுதியா, கடற்கரையா என்று முதலில் அறிவிக்க வேண்டும். என்ன கட்டலாம், எதைத் தடுக்கலாம் என்பது அந்த வகையைப் பொறுத்தது. பொழுதுபோக்குப் பகுதியில் நீர்த்தேக்கமும் மோட்டார் படகும் இருக்கலாம். ஒதுக்கிடமான பாயின்ட் லோபோஸில் இரவு முகாம் கிடையாது, பாதையை விட்டு இறங்கவும் அனுமதி இல்லை. நிரந்தரக் கட்டடம் எழுப்பும் முன் பொதுத் திட்டம் ஒன்று தயாரித்து, மக்கள் கருத்துக் கேட்டு, ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும். மெதுவான வழிதான். ஆனால் ஓர் ஆளுநரோ ஓர் ஒப்பந்ததாரரோ நினைத்தவுடன் கடற்கரையில் விடுதி கட்ட முடியாமல் போவது இதனால்தான்.

மோதல் எவ்வளவு நுண்ணியது என்பதற்கு பிக் பேசினில் ஓர் உதாரணம். மார்பில்ட் மர்லெட் என்ற சிறு கடற்பறவை எங்கே கூடு வைக்கிறது என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. 1974இல் அங்கே முகாமிடத்துக்கு மேலிருந்த கிளைகளைச் சீர்செய்ய மரமேறிய தொழிலாளி ஒருவர், தரையிலிருந்து மிக உயரத்தில் பாசி படிந்த ஒரு கிளையில் அதைக் கண்டார். அது ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். முகாமில் சிதறும் ரொட்டித்துண்டும் சிப்ஸும் ஸ்டெல்லர் ஜே என்ற நீலப்பறவையையும் அண்டங்காக்கையையும் இழுக்கின்றன. உணவு கூடினால் அவற்றின் எண்ணிக்கை கூடும். அவை மேலே போய் மர்லெட் முட்டையைத் தின்னும். யாரும் மரத்தைத் தொடவில்லை, யாரும் பறவையைச் சீண்டவில்லை, ஆனாலும் இனம் குறைகிறது. அங்கே உணவுப்பெட்டியைப் பூட்டச் சொல்வதும், பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தரையில் கொட்டாதே என்பதும், ஒரு பருக்கைகூட விடாதே என்பதும் இதனால்தான். புளிசாதப் பொட்டலத்தோடு போகும் நம் குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரலாற்றுப் பூங்காக்களில் கேள்வி வேறு: எந்தக் காலத்தை நிறுத்திவைப்பது? கைவிடப்பட்ட தங்கச் சுரங்க ஊரான போடி 1962இல் பூங்காவானது. அங்கே சிதைவை இருந்த நிலையில் நிறுத்துவதுதான் கொள்கை. கூரை ஒழுகாமல் பார்ப்பார்கள், சுவர் சாயாமல் முட்டுக் கொடுப்பார்கள். புதுச் சாயம் பூச மாட்டார்கள். ஸ்பானியர் காலத்துக் கிறிஸ்தவ மதப்பணி நிலையமான லா பூரிசிமா மிஷனில் இதற்கு நேரெதிர் வழி. இடிந்து கிடந்ததை 1934 முதல் கூட்டாட்சி அரசின் வேலைவாய்ப்புத் திட்டமான சிசிசியின் இளைஞர்கள், சுடாத மண்கற்களைத் தாங்களே அறுத்துக் காயவைத்து மறுபடி எழுப்பினார்கள். இரண்டும் சரியே, எதை ஏன் செய்தோம் என்பது பார்வையாளருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது பணம். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான், பெரும்பாலானோர் கேட்காததும் இதுதான். நிலம் வாங்கக் கடன் பத்திரம் போடலாம், மக்களும் வாக்களிப்பார்கள். 2000இலும் 2002இலும் தலா 200 கோடி டாலருக்கு மேல் பூங்கா, நீர், கடற்கரை பத்திரங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் பத்திரப் பணத்தில் ரேஞ்சருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, கழிப்பறை கழுவ முடியாது. அதற்கு மாநிலத்தின் பொது நிதியும் நுழைவுக் கட்டணமும்தான். வரவு குறையும் ஆண்டில் பொது நிதி முதலில் பூங்காவைத்தான் வெட்டும். ஏனெனில் பள்ளியும் மருத்துவமனையும் வரிசையில் முன்னால் நிற்கின்றன. வெட்டு விழுந்தால் முதலில் தள்ளிப்போவது பராமரிப்பு. பல பூங்காக்கள் தமக்கென்று குடிநீர் சுத்திகரிப்பும் கழிவுநீர் அமைப்பும் வைத்திருக்கும் சின்ன ஊர்கள் மாதிரி. ஐம்பது ஆண்டுக் குழாய் வெடித்தால் முகாம் மூடப்படும், முகாம் மூடினால் கட்டண வரவு குறையும், வரவு குறைந்தால் அடுத்த குழாயும் தள்ளிப்போகும். இப்படிச் சேர்ந்த பராமரிப்புப் பாக்கி 100 கோடி டாலரைத் தாண்டியது.

2010இல் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஆண்டுக்கு 18 டாலர் வசூலித்து, கலிபோர்னிய வண்டிகளைக் கட்டணமின்றி உள்ளே விடும் யோசனை வாக்கெடுப்பில் தோற்றது. 2011 மே மாதம், 278 பூங்காக்களில் 70ஐ மூடப்போவதாக அறிவித்தார்கள். மிச்சம் பிடிக்க நினைத்தது 2.2 கோடி டாலர். மூடினாலும் செலவு நிற்காது என்பது பிறகுதான் உறைத்தது. வாசலில் சங்கிலி போட்டால் காடு காலியாகிவிடாது. தீ வைப்பவன், செம்புக்கம்பி திருடுபவன், கஞ்சா பயிரிடுபவன் எல்லாரும் வருவார்கள். அதோடு, கூட்டாட்சி நிதி உதவியால் வாங்கிய அல்லது மேம்படுத்திய நிலத்தை மக்களுக்குத் திறந்து வைத்திருப்பது அந்த உதவியின் நிபந்தனை. கடைசியில் உள்ளூர்ச் சங்கங்களும் நன்கொடையாளர்களும் முன்வர, ஏறக்குறைய எல்லாம் தப்பின. ஜாக் லண்டன் பூங்காவை 2012 மே மாதம் ஒரு லாபநோக்கற்ற சங்கமே எடுத்து நடத்தத் தொடங்கியது. அந்த ஜூலையில்தான் துறையின் இரண்டு நிதிக் கணக்குகளில் 5.4 கோடி டாலர் கணக்கில் காட்டப்படாமல் கிடந்தது வெளியே வந்தது. இயக்குநர் பதவி விலகினார். பணத்தைவிடப் பெரிய இழப்பு நம்பிக்கை. உண்டியல் குலுக்கிக் காசு திரட்டியவர்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள்!

சாலையும் மின்கம்பியும் இன்னொரு நிரந்தர ஆபத்து. வீடுகளை இடிக்க வேண்டாம், ஈட்டுத்தொகை குறைவு என்பதால் திட்டம் போடுபவர் கண்ணுக்குப் பூங்கா நிலம் மலிவான வழியாகத் தெரியும். ஆறு லட்சம் ஏக்கருக்குக் குறையாத ஆன்சா-பொரேகோ பாலைவனப் பூங்கா வழியாக உயரழுத்த மின்பாதை போடும் யோசனை 2008இல் கைவிடப்பட்டு வேறு தடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. சான் ஓனோஃப்ரே கடற்கரைப் பூங்கா வழியான சுங்கச்சாலையும் அதே ஆண்டு நிராகரிக்கப்பட்டது. இரண்டையும் தடுத்தது அழகைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல, சட்டப்படி இருந்த திட்ட ஆவணங்களும் பொது விசாரணைகளும்.

இந்த வரலாற்றில் ஒரு பெரிய அநீதியும் இருக்கிறது. இந்த நிலங்கள் ‘காலியாக’ இருக்கவில்லை. 1851இல் ஆயுதப்படை ஒன்று யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் புகுந்து அங்கிருந்த அவானீச்சி மக்களை விரட்டியது. பூங்கா ஆன பிறகு தொல்குடிகள் காலங்காலமாகச் செய்த கொட்டை பொறுக்குதல், நாணல் அறுத்தல், சிறு தீ வைத்தல் எல்லாம் விதிமீறலாயின. தீயைத் தடுத்ததால் அடிமரச் சருகும் புதரும் மண்டின. 1970களில்தான் துறை தானே கட்டுப்படுத்தி எரிக்கத் தொடங்கியது. பெயர்களும் இப்போதுதான் திரும்புகின்றன: பேட்ரிக்ஸ் பாயின்ட் 2021இல் யூரோக் மக்களின் பழைய பெயரான சூ-மெக் ஆனது. ரெட்வுட் கழகத்தின் நிறுவனர்களில் ஒருவரும் இனவாத நூல் எழுதியவருமான மேடிசன் கிராண்ட்டின் நினைவுக்கல் அதே ஆண்டு ப்ரெய்ரி கிரீக் பூங்காவிலிருந்து அகற்றப்பட்டது. காட்டைக் காத்த கை சுத்தமான கைதானா என்று கேட்பதில் தவறில்லை.

2020 ஆகஸ்டில் மின்னலால் மூண்ட தீ பிக் பேசினின் 97 சதவீதத்தை எரித்தது. சிசிசி இளைஞர்கள் கட்டிய மரத் தலைமையகமும் போயிற்று. தடித்த பட்டையுள்ள முதிய ரெட்வுட் மரங்களில் பெரும்பாலானவை கருகிய தண்டிலிருந்தே துளிர்த்தன; டக்ளஸ் ஃபிர் மரங்கள் ஏராளமாகச் செத்தன. 2022 ஜூலையில் ஒரு பகுதி திறந்தது. வரும் திட்டத்தில் வரவேற்பு மையம் பழைய மரங்களின் அடியில் இல்லை. பூங்காவின் விளிம்பில், சாடில் மவுண்டன் பக்கம். கார்கள் வேரை மிதிக்காமல் அங்கேயே நிற்கும். 1902இல் மக்களை மரத்தடிக்கே கொண்டுபோவதுதான் நோக்கமாக இருந்தது. அந்த மண்ணை எத்தனை கால் இறுக்கும் என்று அன்று யாரும் எண்ணவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: முகாமிடங்களை ஆறு மாதம் முன்பே பதிவு செய்யலாம், கோடை வாரஇறுதிகள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், வாரநாட்களைப் பாருங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். பூச்சியும் பூஞ்சையும் அதில்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன, அங்கேயே வாங்குங்கள். நாய்க்குப் பெரும்பாலான காட்டுப்பாதைகளில் அனுமதி இல்லை. கலிபோர்னியாவில் வசிப்பவர்கள் உள்ளூர் நூலகத்தில் கேட்டால் பல பூங்காக்களுக்கான வாகன அனுமதி அட்டையை இரவல் தருவார்கள்.

எல்லா வகை நிலமும் இடம்பெற வேண்டும் என்ற ஓம்ஸ்டெட்டின் மூன்றாவது அளவுகோல் நீண்டகாலம் நிறைவேறாமல் கிடந்தது மத்தியப் பள்ளத்தாக்கில்தான். வெயிலில் வயல்வேலை செய்யும் குடும்பங்கள் வாழும் அங்கே பூங்கா மிகக் குறைவு. 2024 ஜூனில் மொடெஸ்டோ அருகே, சான் வாக்கின், டுவாலமி ஆறுகள் சேரும் இடத்தில் சுமார் 1,600 ஏக்கரில் டோஸ் ரியோஸ் பூங்கா திறந்தது. பத்தாண்டுக்கு மேல் கழித்து வந்த முதல் புதிய மாநிலப் பூங்கா. முன்பு அது விவசாய நிலம். ஒரு லாபநோக்கற்ற அமைப்பு நிலத்தை வாங்கி, நாட்டு மரங்களும் புதர்களும் நட்டு, வெள்ளம் மறுபடி பரவ இடம்விட்டு, அதன் பிறகே மாநிலத்திடம் கொடுத்தது. ஆறு பெருகும் மாதங்களில் பாதைகள் தண்ணீருக்கடியில் போகலாம். அந்தத் தண்ணீரை ஏந்திக்கொள்ளத்தான் அந்த நிலம் மீட்கப்பட்டது.